சத்தமில்லாத கணிப்பொறி



தமிழில் நாம் ‘ஸ’ என்னும் ஒரே எழுத்தால் எழுதிவிடுகின்ற ஒலி, அரபு மொழியிலே ஸே, ஸீன், ஸாத் என மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. நாவின் நுனி எங்கே நெருங்குகிறது, நாவின் அடி எவ்வளவு உயர்கிறது என்பதில்தான் வேறுபாடு. கேட்பதற்கு நூலிழையளவு, பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ‘நஸ்ர்’ என்னும் சொல்லை ஸாத் கொண்டு ஓதினால் உதவி என்று பொருள். திருக்குர்ஆனின் 110ஆம் அத்தியாயத்தின் பெயர் அதுவே. அதனையே ஸீன் கொண்டு ஓதிவிட்டால் கழுகு என்று பொருளாகிவிடும். அதுமட்டுமன்று, நூஹ் (அலை) அவர்களுடைய சமூகத்தார் வணங்கிய சிலைகளுள் ஒன்றின் பெயரும் அதுதான். ஓதிக்கொடுப்பவர் ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் செவியைச் சாய்த்து அமர்வது இதன் பொருட்டே.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மதரஸாக்களின் கதவுகள் மூடப்பட்டன. ஓதல் கணிப்பொறித் திரைக்கு வந்து சேர்ந்தது. நோய் அகன்ற பின்னும் அந்தப் பழக்கம் பல இல்லங்களில் அகலவில்லை. துபாயிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்ற நம் பேரப்பிள்ளைகள் கோவையிலுள்ள உஸ்தாதிடம் மஃரிபுக்குப் பிறகு ஓதுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்லதுதான். ஆயினும் திரை வழியே ஓதக் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தொடர்பு அறுந்துபோவது இதில் பெரிய தொல்லை அன்று; அறுந்தால் மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பக்கத்திலே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் பெட்டியே பெருந்தொல்லை.

தஜ்வீத் கலையில் ‘ஹம்ஸ்’ என்று ஒரு பண்பு உண்டு. பத்து எழுத்துகளை மொழியும்போது மூச்சு தடையின்றி வெளியே ஓடும். ஸே, ஸீன், ஸாத், ஷீன், ஃபே ஆகியன அவற்றுள் அடங்கும். மின்விசிறியின் இரைச்சலும் ஏறத்தாழ இதே தன்மையதுதான். ஒரு குறிப்பிட்ட சுருதியில் நில்லாமல் எல்லாச் சுருதிகளிலும் பரவிய காற்றொலி. ஆகவே அது அலிஃபையும் மீமையும் விட்டுவிட்டு, சரியாக இந்த மூச்செழுத்துகளின் மீதே போர்வையைப் போர்த்திவிடுகிறது. இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களோ சில வேளைகளில் ஸீனையும் இரைச்சலென்றே எண்ணி நறுக்கிவிடுகின்றன. பிள்ளை சரியாக ஓதியதா, தவறாக ஓதியதா என்று உஸ்தாதுக்குத் தெரியாமல் போகிறது. தெரியாதபோது ‘சரி, மேலே ஓது’ என்று சொல்லும்படி ஆகிறது.

இந்த நிலையில் நம் கணபதியிலிருந்தே ஒரு சகோதரி எழுதிய கடிதம் கைக்குக் கிடைத்தது. மகள் திரை வழியே ஹிஃப்ளு செய்கிறாள். மகன் பொறியியல் கல்லூரியில் வரைபடம் போடுகிறான். இருவருக்கும் பொதுவாக ஒரு கணிப்பொறி வாங்க வேண்டும். கணவர் லேத் பட்டறையிலே உழைத்துச் சேர்த்த பணம். கடைக்காரர் கண்ணாடி முகப்பும் வண்ண விளக்கும் கொண்ட ஒரு பெட்டியைக் காட்டி, “ஆறு ஃபேன் இருக்கிறது, சூடே ஏறாது” என்கிறாராம். பக்கத்து வீட்டுத் தம்பியோ, “ஃபேன் கூடக் கூடச் சத்தமும் கூடும் அக்கா” என்கிறாராம். யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீடுகளில் இந்தப் பெட்டியை ‘சி.பி.யூ.’ என்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது உள்ளே இருக்கின்ற, தீப்பெட்டியைவிடச் சிறிய சில்லு மட்டுமே. அதனையும் மற்ற உறுப்புகளையும் தாங்கி நிற்கும் வெறும் கூட்டைக் கடைகளில் ‘கேபினட்’ என்பார்கள். பணத்தையெல்லாம் சில்லிலும் நினைவகத்திலும் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஏதோ ஒரு கேபினட் என்று முடிப்பவர்களே மிகுதி. ஆனால் கணிப்பொறி அமைதியாக இருக்குமா, இரையுமா என்பதை முடிவு செய்வதில் அந்தக் கூட்டுக்குத்தான் பெரும்பங்கு.

எவ்வாறெனில், கணிப்பொறி உட்கொள்கின்ற மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மோட்டாரைப் போல அது தண்ணீர் இறைப்பதில்லை. கிரைண்டரைப் போல மாவு ஆட்டுவதுமில்லை. 100 வாட் மின்சாரம் உள்ளே சென்றால் 100 வாட் வெப்பம் வெளியே வந்தாக வேண்டும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மூடிய தகரப் பெட்டிக்குள் எரியவிட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். வெளிக்காற்றின் சூட்டைவிடக் குறைவாக எந்த விசிறியும் உள்ளே குளிர்விக்க இயலாது. சித்திரை மாதத்துப் பிற்பகலில் நம் வீடுகளின் சூடு எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சில்லு ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பாகவே தாய்ப்பலகை விசிறிகளை விரட்டத் தொடங்கிவிடும். நாம் கேட்கும் இரைச்சல் அந்த விரட்டலின் ஓசைதான். காய்ச்சலில் நோயாளி பிதற்றுவது போன்றது அது. வாயைப் பொத்தினால் காய்ச்சல் தணியுமா?

வாயைப் பொத்திப் பார்த்தவர்களும் உண்டு. 1980இல் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் ‘ஆப்பிள் 3’ என்ற கணிப்பொறியை வெளியிட்டபோது, சத்தம் கூடாதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதில் மின்விசிறியே வைக்கவிடவில்லை என்பார்கள். கணிப்பொறி சூடேறிற்று, சில்லுகள் தம் இருக்கையிலிருந்து நெகிழ்ந்தன. பெட்டியைச் சில அங்குலம் தூக்கி மேசைமீது ‘டொம்’மென்று போட்டால் சில்லுகள் மீண்டும் பொருந்தும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லும் நிலை வந்தது. 1984இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே விசிறியை ஒழிப்பது வழியன்று. விசிறியின் வேலையை எளிதாக்குவதே வழி.

இந்த வித்தையை நாம் வெளிநாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் வேலை பார்த்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நூற்பாலைக்குள் நூற்றுக்கணக்கான மோட்டார்கள் சுழல்கின்றன. பஞ்சுத் துகள் மழையாகப் பொழிகிறது. வெப்பமும் ஈரமும் அளவு தப்பினால் நூல் அறுந்துபோகும். அதற்காகத் தனியே ஒரு கட்டடத்தில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் அமைத்திருப்பார்கள். அங்கே ஆளுயரப் பெருவிசிறிகள் காற்றை ஈரப்படுத்திக் கூரையடிக் குழாய்கள் வழியாக மேலிருந்து அனுப்பும். அந்தக் காற்று எந்திரங்களைத் தழுவி இறங்கி, அவற்றின் அடியிலே தரைக்குள் வெட்டப்பட்ட கால்வாய் வழியாகத் திரும்பும். திரும்பும் வழியில் வடிகட்டி பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் கவனிக்கத்தக்கன சில உள. சூடான காற்று மேலே போகும் என்பது பள்ளிப் பாடம். ஆயினும் ஆலையிலே அதனை மேலிருந்து கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். விசிறியின் விசைக்கு முன்னால் சூட்டுக் காற்றின் இயல்பான எழுச்சி மிகச் சிறியது. ஆகவே கேபினட்டில் ‘மேலே துளை உண்டா’ என்று தேடுவதைவிட, காற்று புகும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று, இரண்டுக்கும் இடையே தடையற்ற பாதை ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை. துபாயின் பழைய பஸ்தகிய்யாப் பகுதியைப் பார்த்த சகோதரர்களுக்கு அங்குள்ள காற்றுக் கோபுரங்கள் நினைவிருக்கும். மின்சாரமே இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர்வித்தவை அவை. அங்கும் இதே கணக்குத்தான்.

மேற்கு மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால்தான் ஆனியிலும் ஆடியிலும் நம் ஊர் குளிர்கிறது. அங்கே ஒரு கண்ணாடிச் சுவர் எழுப்பினால் எப்படியிருக்கும்? கண்ணாடி முகப்புள்ள கேபினட்டில் நடப்பது அதுதான். காற்று ஓரத்திலுள்ள விரற்கடை இடுக்கு வழியாக நுழைய வேண்டியிருக்கிறது. உள்ளே ஆறு விசிறிகள் இருந்தாலும் ஆறும் மூச்சுத் திணறியபடியே சுழலும். திணறும் விசிறி சாதாரண விசிறியைவிட அதிகமாக இரையும். ஆகவே, சகோதரி அவர்களே, முகப்பு முழுவதும் சன்னமான கம்பிவலையாக உள்ள கேபினட்டைக் கேளுங்கள். விளக்கைக் கைக்கு நேரே பிடித்து வலை வழியே பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். வண்ண விளக்குகள் ஒரு கனஅடிக் காற்றைக்கூட அதிகமாகத் தள்ளுவதில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் பணம் என் பார்வையில் இஸ்ராஃப் எனும் வீண்விரயம்தான். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளலாம், பாதகமில்லை.

உட்புறம் நுரைப்பஞ்சு ஒட்டி, முகப்பில் கதவும் வைத்து, ‘சத்தமில்லாத கேபினட்’ என்றே விற்கப்படுபவையும் உள்ளன. குளிர் நாடுகளுக்கு அவை பொருந்தலாம். நம் ஊர் வெயிலில் கதவை மூடினால் விசிறிகள் வேகமெடுக்கும். பஞ்சு விழுங்குவதைவிட மிகுதியாக அவை இரையும்.

விசிறியின் கணக்கை இப்போது சொல்கிறேன். நான் கலைப் பட்டதாரி, ஆயினும் இந்தக் கணக்கு எனக்கும் விளங்கிற்று. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் பாதியாவதோடு நிற்பதில்லை. ஏறத்தாழ 15 டெசிபல் வீழ்ந்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். மறுபுறம், ஒரே மாதிரியான இரண்டு விசிறிகளை ஒன்றாக ஓட்டினால் 3 டெசிபல்தான் கூடும். ஆக, நிமிடத்துக்கு 1,600 சுற்றுச் சுற்றும் ஒரு விசிறிக்குப் பதிலாக, 800 சுற்றுச் சுற்றும் இரண்டு விசிறிகளை வைத்தால் ஏறக்குறைய அதே காற்று கிடைக்கும்; சத்தமோ சுமார் 12 டெசிபல் குறைந்துவிடும். பக்கத்து வீட்டுத் தம்பி கவனிக்க வேண்டியது இதுவே. விசிறிகளின் எண்ணிக்கை சத்தமன்று, வேகமே சத்தம். இதே காரணத்தால் 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டரும், அதனைவிட 140 மில்லிமீட்டரும் மேல். பெரிய இறக்கை மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தந்துவிடும்.

ஒரு குடும்பக் கணிப்பொறிக்கு முகப்பில் உள்ளிழுக்கும் விசிறி இரண்டு, பின்புறம் வெளியேற்றும் விசிறி ஒன்று, இது போதும். உள்ளே வரும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று மிகுந்திருப்பது நல்லது. அப்போது பெட்டியின் சந்துபொந்துகள் வழியே காற்று வெளியே கசியுமேயன்றித் தூசி உள்ளே ஏறாது. நுழையும் காற்றெல்லாம் முகப்பு வடிகட்டியைக் கடந்தே நுழையும். பவுண்டரி மணலும் பட்டறைப் புகையும் பஞ்சுத் தூசியும் கலந்து வீசுகின்ற கணபதிக்கு இது கட்டாயம். வடிகட்டியைத் திருகாணி கழற்றாமல் கையால் உருவ முடிகிறதா என்று கடையிலேயே உருவிப் பாருங்கள். உருவ முடியாத வடிகட்டியை ஒருவரும் கழுவப் போவதில்லை.

விசிறியின் பேரிங் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937இல் ஜி. டி. நாயுடு அவர்களின் தொழிற்கூடத்திலே உருவானது. அதனை வடிவமைத்த பாலசுந்தரம் நாயுடு பின்னர் நிறுவியதுதான் நம் கணபதியின் டெக்ஸ்டூல். எனவே சுருக்கமாக: மலிவான விசிறிகளில் ஸ்லீவ் பேரிங் இருக்கும், புதிதில் அமைதியாக ஓடி, சூட்டில் எண்ணெய் வற்றியதும் முனகும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பொருத்தினால் இன்னும் விரைவில் தேயும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், சற்றே ஒலிக்கும். திரவப் படல பேரிங் கிடைத்தால் அதுவே சிறப்பு.

விசிறியின் செருகியில் மூன்று ஊசியா, நான்கு ஊசியா என்றும் பாருங்கள். நான்காவது ஊசி வழியாகத்தான் தாய்ப்பலகை வேகத்தை நுட்பமாக ஆள்கிறது. கணிப்பொறி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்று அமைத்துக்கொள்ளலாம். சூடு ஏறியவுடன் பாயாமல் சில விநாடி தாமதித்து வேகமெடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஒரே சீரான மெல்லிய ஓசையை மனம் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மறக்காது.

இங்கே ஒரு செய்தி. உலகில் அமைதியான விசிறிக்குப் பெயர்பெற்ற நாக்டுவா என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் சின்னம் ஆந்தை. நாக்டுவா என்பதும் இலத்தீனத்தில் ஆந்தையின் பெயரே. ஆந்தையின் சிறகு முனையில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பும், பின்விளிம்பில் மெல்லிய குஞ்சமும் இருப்பதால் அது ஓசையின்றிப் பறக்கிறது. விசிறி வடிவமைப்பாளர்கள் அதனை ஆராய்கிறார்கள். நம்மவரோ ஆந்தை கத்தினால் ஆகாது என்று அஞ்சுகிறார்கள். ‘ஹாமா’ என்ற அந்தச் சகுனம் கிடையாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்ட பிறகும் அச்சம் போகவில்லை! அந்த நிறுவனத்தின் விசிறி விலை மிகுந்தது. மேலே சொன்ன கணக்கைப் புரிந்துகொண்டால் நடுத்தர விலை விசிறியே நம் தேவைக்குப் போதும்.

எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கியில் ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கட்டும். மின்சாரம் வெப்பமாக வீணாவது குறையும். சுழலும் ஹார்டு டிஸ்க் தகரத்தோடு சேர்ந்து ரீங்கரிக்கும், எஸ்.எஸ்.டி. ஊமை. நிறுவனங்கள் கழித்த பழைய கணிப்பொறியை வாங்குவோர் அதற்குப் புதிய கேபினட் தேட வேண்டாம். அவற்றின் பலகையும் மின்வழங்கியும் பெரும்பாலும் தனி அளவின, பொதுக் கூட்டில் பொருந்தா. தூசி தட்டி, சில்லின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதிச் சத்தம் அடங்கும்.

கடையிலே சோதித்துப் பார்ப்பது கடினம். காந்திபுரத்துப் பேருந்து ஓசையில் எந்தக் கணிப்பொறியும் அமைதியாகத்தான் தோன்றும். உள்ளறைக்கு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கையை முகப்பில் வைத்துக் காற்று இழுபடுவதை உணருங்கள். பின்புறம் சூடு வெளிவருவதைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், இஷாவுக்குப் பிறகு அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மகளை நஸ்ர் அத்தியாயத்தைக் கைப்பேசியில் இரண்டு முறை ஓதிப் பதியச் சொல்லுங்கள். கணிப்பொறி அணைந்திருக்கும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை. இரு பதிவுகளிலும் ஸாத் ஒரே மாதிரி கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் பயாஸில் வேகத்தைக் குறைத்து மீண்டும் பதியுங்கள். மகன் வரைபடம் போடும்போது வேகம் கூடினால் கூடட்டும். ஓதும் வேளையில் அந்த வேலை நடக்காது.

இத்தனையும் பார்த்து வாங்கி, கடைசியில் கம்ப்யூட்டர் டேபிளின் கீழறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் பாழ். அந்த அறையைச் செய்த தச்சருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வெளிவிட்ட சூட்டையே பெட்டி மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டிருக்கும். கதவையும் பின்பலகையையும் கழற்றிவிடுங்கள். அல்லது பெட்டியை வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சிறு மணைமீது வையுங்கள். பிள்ளையின் ஒலிவாங்கி எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். தூரம் இருமடங்கானால் சத்தமும் தெளிவாகக் குறையும். சமையலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். தாளிப்பின் எண்ணெய் ஆவியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்தால் இறக்கையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பூவேலை செய்த உறை போட்டு மூடி வைப்பது நம் பெண்மக்களின் வழக்கம்; கணிப்பொறி அணைந்து ஆறிய பிறகு போடலாம், ஓடும்போது கூடாது.

ரமளானுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்கையில் ஒரு முறையும், ஆடிக் காற்று ஓய்ந்த பின் ஒரு முறையும் பெட்டியைத் திறந்து தூசி ஊதுங்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று ஊத வேண்டும். அப்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயரின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும். சுழலும் விசிறி சிறு டைனமோவைப் போல மின்சாரத்தைத் திருப்பி அனுப்பித் தாய்ப்பலகைக்கும் தீங்கு செய்யலாம். வடிகட்டியைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போன பிறகே மாட்டுங்கள்.